இல்லாத நாட்டு ஷெரீஃப்

2021 ஏப்ரலில் ரியால் மாட்ரிட் தலைவர் ஃப்ளோரென்டினோ பெரெஸ் கால்பந்தைக் காப்பாற்றக் கிளம்பினார். யாரிடமிருந்து என்று கேட்டால், ஏழைகளிடமிருந்து.

அவருடைய வாதம் எளிமையானது. உலகம் பார்க்க ஆசைப்படுவது பெரிய அணியும் பெரிய அணியும் மோதுவதைத்தான். நடுநடுவே பெயர் வாயில் நுழையாத ஊர்களிலிருந்து வந்து நிற்கும் கிளப்புகளோடு எதற்கு மல்லுக்கட்ட வேண்டும்? ஆகவே ஐரோப்பாவின் பன்னிரண்டு பணக்கார கிளப்புகள் கூடிப் பேசி, ஏப்ரல் 18, ஞாயிற்றுக்கிழமை இரவு, சாம்பியன்ஸ் லீக் போட்டிக்கு மாற்றாக ‘சூப்பர் லீக்’ என்ற ஒன்றை அறிவித்தன. தலைவர் பெரெஸ். தொடங்கியவர்களுக்கு இடம் நிரந்தரம். தோற்றாலும் வெளியே போக வேண்டியதில்லை. கடைசி பெஞ்சு மாணவர்கள் தாங்களே ஒரு பள்ளிக்கூடம் கட்டி, தங்களுக்கு மட்டும் பரீட்சை கிடையாது என்று போர்டு மாட்டிக்கொண்டதுபோல. மறுநாள் நள்ளிரவில் பெரெஸ் ஒரு தொலைக்காட்சி நிகழ்ச்சியில் உட்கார்ந்துகொண்டு, இளைஞர்களுக்குக் கால்பந்தில் ஆர்வம் குறைந்துகொண்டே போகிறது, ஒருவேளை ஆட்ட நேரத்தைக் குறைக்க வேண்டுமோ என்னவோ என்றும் விசாரப்பட்டார். இந்த யோசனையைக் கொஞ்சம் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் தேவைப்படும்.

இங்கிலாந்து ரசிகர்கள் தெருவுக்கு வந்துவிட்டார்கள். இரண்டே நாளில் ஆறு ஆங்கில கிளப்புகளும் ‘எங்களுக்கு ஒன்றும் தெரியாது சார், கையெழுத்துப் போடச் சொன்னார்கள், போட்டோம்’ என்ற முகபாவத்தோடு கழன்றுகொண்டன. சூப்பர் லீக்குக்குப் புண்ணியதானமும் கருமாதியும் ஒரே வாரத்தில் முடிந்தன.

ஆக, சின்னவர்கள் வரும் கதவை அடைக்க முடியவில்லை. ஐந்து மாதம் கழித்து, செப்டம்பர் 28 அன்று, அந்தக் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தவர்கள் ஷெரீஃப் திராஸ்போல். பெயர் வாயில் நுழையாத ஊர் என்றால்கூடப் பரவாயில்லை. இவர்கள் வரைபடத்திலேயே நுழையாத நாட்டிலிருந்து வந்திருந்தார்கள்.

அந்த நாட்டின் கதையைச் சொல்லாமல் மைதானத்துக்குப் போக முடியாது.

மால்டோவாவுக்கும் உக்ரைனுக்கும் நடுவில், நீஸ்டர் ஆற்றை ஒட்டி ஒல்லியாக நீண்டு கிடக்கும் நிலம் டிரான்ஸ்னிஸ்ட்ரியா. சோவியத் யூனியன் ஆட்டம் கண்டுகொண்டிருந்த 1990 செப்டம்பரில், ‘நாங்கள் மால்டோவாவைச் சேர்ந்தவர்கள் இல்லை’ என்று தனிக்குடித்தனம் அறிவித்தது. 1992-ல் அதற்காக ஒரு போரே நடந்து நூற்றுக்கணக்கானவர்கள் செத்தார்கள். ரஷ்யப் படை நடுவில் புகுந்தது, சண்டை நின்றது. புகுந்த படையில் ஒரு பகுதி இன்றைக்கும் ஊருக்குத் திரும்பவில்லை.

அதன் பிறகு டிரான்ஸ்னிஸ்ட்ரியா ஒரு நாட்டுக்கு வேண்டிய சாமான்களை ஒவ்வொன்றாகச் சேர்த்துக்கொண்டது. ஜனாதிபதி வந்தார். பாராளுமன்றம் வந்தது. ராணுவம், போலீஸ், தபால்தலை, பாஸ்போர்ட், சொந்தமாக ரூபிள். 2014-ல் பிளாஸ்டிக்கிலேயே நாணயம் போட்டார்கள். சோவியத் யூனியனே கடையைக் கட்டிய பிறகும் கொடியில் அரிவாள் சுத்தியலை விடவில்லை. பாராளுமன்ற வாசலில் லெனின் சிலை நிற்கிறது. எல்லாம் தயார், ஒன்றே ஒன்றுதான் பாக்கி: அப்படி ஒரு நாடு இருப்பதாக ஐக்கிய நாடுகள் சபையின் ஓர் உறுப்பு நாடுகூட ஒப்புக்கொள்ளவில்லை. படை அனுப்பிய ரஷ்யாவும் ஒப்புக்கொள்ளவில்லை. அப்காசியாவும் தெற்கு ஒசேத்தியாவும் ஒப்புக்கொண்டன. ஆனால் அவை இரண்டும் நாடுகள்தானா என்பதே உலகத்தில் பெரும்பாலோருக்குத் தகராறு.

இந்த நாட்டில் 1993-ல் விக்டர் குஷான், இல்யா கஸ்மாலி என்ற இரண்டு முன்னாள் போலீஸ்காரர்கள் ஒரு கம்பெனி தொடங்கினார்கள். பழைய உத்தியோக பாசத்தில் ‘ஷெரீஃப்’ என்று பெயர் வைத்து, சின்னமாகக் கௌபாய் படங்களில் மார்பில் குத்தியிருக்குமே, அந்த நட்சத்திர பேட்ஜைப் போட்டுக்கொண்டார்கள். லெனின் நின்று பார்த்துக்கொண்டிருக்கும் ஊருக்குள் முதலாளித்துவம் அமெரிக்க வேஷத்திலேயே வந்து இறங்கியது. லெனின் ஒன்றும் சொல்லவில்லை. அவர் 1924-லிருந்தே எதற்கும் ஒன்றும் சொல்வதில்லை.

ஷெரீஃப் வளர்ந்தது. சூப்பர்மார்க்கெட் அவர்களுடையது. பெட்ரோல் பங்க் அவர்களுடையது. செல்போன் இணைப்பு, டிவி சேனல், ரொட்டித் தொழிற்சாலை அவர்களுடையவை. 1897-லிருந்து பிராந்தி காய்ச்சிவரும் ‘க்வின்ட்’ ஆலையும் அவர்கள் கைக்கு வந்தது. தலைநகர் திராஸ்போலில் ஒருவர் காலையில் ரொட்டி வாங்கப் போனால் ஷெரீஃப். வண்டிக்கு எண்ணெய் போட்டால் ஷெரீஃப். ‘எல்லாவற்றிலும் ஷெரீஃப்தானா?’ என்று நண்பருக்கு போன் போட்டுப் புலம்பினால் அந்த நிமிடக் கட்டணமும் ஷெரீஃபுக்கு. மனம் வெறுத்து ஒரு மடக்கு பிராந்தி ஊற்றிக்கொண்டால் அதுவும் ஷெரீஃப். போதை தெளிந்து, ஓட்டுப் போட்டாவது மாற்றிவிடலாம் என்று நினைத்தால், பாராளுமன்றத்தில் பெரும்பான்மை வைத்திருப்பது இந்தக் கம்பெனியோடு நெருங்கிய கட்சி.

இவ்வளவும் இருக்கும்போது ஒரு கால்பந்து கிளப் இல்லாவிட்டால் நன்றாகவா இருக்கும்? 1997-ல் அதுவும் வந்தது. ஊருக்கு வெளியே பெரிய விளையாட்டு வளாகம் கட்டினார்கள், 2002-ல் திறந்தார்கள்.

இங்கேதான் ஒரு சிக்கல். நாடு என்று ஒன்று இல்லாவிட்டால் லீக்கும் இல்லை, லீக் இல்லாவிட்டால் ஐரோப்பிய வாய்ப்பும் இல்லை. ஐரோப்பியக் கால்பந்து சங்கத்தின் கணக்கில் அந்த நிலம் மால்டோவாவைச் சேர்ந்தது. எனவே, மால்டோவாவோடு ஒட்டும் இல்லை உறவும் இல்லை என்று போர் வரைக்கும் போனவர்கள், வார இறுதியானால் சோதனைச் சாவடியைத் தாண்டிப் போய் மால்டோவா லீக்கில் ஆடினார்கள். போனவர்கள் சும்மாவா திரும்பினார்கள்? தொண்ணூறுகளில் அங்கே கோலோச்சிய மால்டோவாவின் தலைநகர் கிஷினாவைச் சேர்ந்த ஸிம்ப்ரு அணியை ஓரம் கட்டினார்கள். 2000-01 சீசனில் முதல் பட்டம். அதிலிருந்து 2021 வரை 21 சீசன்களில் 19 பட்டம். மற்ற நாட்களில் தனி நாடு. கோப்பை வாங்கும் அன்று மட்டும் ‘நமக்குள் என்ன வித்தியாசம், நாமெல்லாம் ஒன்றுதானே!’

எனவே, பின்னால் உலகப் பத்திரிகைகளெல்லாம் ‘பாவம், பொடியன் அணி’ என்று கண் கலங்கியபோது, மால்டோவாவின் மற்ற கிளப்புகள் என்ன நினைத்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். இருபது வருடமாகத் தங்களை அடித்துத் துவைத்த பேட்டை ரவுடிக்கு, பக்கத்துப் பேட்டையில் ஏழைப் பங்காளன் வேஷம்.

அந்த ரவுடி ஐரோப்பாவில் மட்டும் நெடுங்காலம் பூனை. சாம்பியன்ஸ் லீக் தகுதிச் சுற்றுக்கு வருடா வருடம் போவதும் திரும்பி வருவதும்தான் வழக்கம். 2021-ல் வழக்கம் மாறியது. அல்பேனியாவின் தெயூத்தா போயிற்று. அர்மேனியாவின் அலாஷ்கெர்ட் போயிற்று. அடுத்து 1991-ல் ஐரோப்பிய சாம்பியனாகவே இருந்த பெல்கிரேடின் ரெட் ஸ்டார் போயிற்று. கடைசிச் சுற்றில் குரோஷியாவின் டினாமோ ஸாக்ரெபை ஊருக்கு வரவழைத்து 3-0 என்று அனுப்பினார்கள். மால்டோவா லீக்கிலிருந்து ஒரு கிளப் சாம்பியன்ஸ் லீக் குரூப் சுற்றுக்குப் போனது அதுவே முதல் முறை. கிஷினாவ்காரர்களின் பாடுதான் திண்டாட்டம். கொண்டாடினால் பிரிவினைக்காரர்களின் சூப்பர்மார்க்கெட்டுக்கு இலவச விளம்பரம். கொண்டாடாவிட்டால் நாட்டின் கால்பந்து வரலாற்றிலேயே பெரிய நாளைத் தூங்கிக் கழித்த பாவம்.

குரூப்பில் உடன் வந்தவர்கள் இன்டர் மிலான், ஷக்தார் டொனெட்ஸ்க், ரியால் மாட்ரிட். முதல் ஆட்டத்தில் ஷக்தாரை 2-0 என்று ஷெரீஃப் வென்றது. சரி, குருட்டு அதிர்ஷ்டம் என்று ஐரோப்பா பக்கத்தைப் புரட்டிவிட்டு, மாட்ரிடில் எத்தனை கோல் வாங்கப்போகிறார்கள் என்று பந்தயம் கட்ட உட்கார்ந்தது.

எதிரே யார்? அதுவரை 13 தடவை ஐரோப்பிய சாம்பியன். 1920-ல் ஸ்பெயின் அரசர் பதிமூன்றாம் அல்ஃபோன்சோ கொடுத்த கிரீடத்தை இன்றும் சின்னத்தின் உச்சியில் வைத்திருக்கும் கிளப். இலக்கைக் காக்க இரண்டு மீட்டர் உயர கூர்த்துவா. முன்னால் பென்ஸிமா, வினிசியஸ், ஹஸார்ட். ஓரத்தில் கையைக் கட்டிக்கொண்டு ஒற்றைப் புருவத்தை மட்டும் உயர்த்தும் கார்லோ ஆஞ்சலோட்டி. ஒரே குறை, பெர்னபேயூ அரங்கத்தில் அப்போது மராமத்து வேலை நடந்துகொண்டிருந்தது. மகாராஜா சாரம் கட்டிய அரண்மனையில்தான் விருந்தாளியை வரவேற்க வேண்டியிருந்தது.

விருந்தாளிகள் வரிசையைப் பாருங்கள். கிரேக்கர் இரண்டு பேர், பிரேசில்காரர் இரண்டு பேர், கொலம்பியர் இரண்டு பேர், பெரு, கானா, மாலி, லக்ஸம்பர்க், உஸ்பெகிஸ்தான் தலா ஒருவர். கூட்டினால் பதினொன்று. மால்டோவா சாம்பியன் அணியில் மால்டோவாக்காரர் ஒருவர்கூட இல்லை. டிரான்ஸ்னிஸ்ட்ரியாக்காரரும் இல்லை. இருக்கிற நாடுகளிலிருந்து ஆள் பிடித்து, இல்லாத நாட்டின் கம்பெனி, பக்கத்து நாட்டின் பெயரில் ஆட அனுப்பியிருந்தது. இந்தக் கதம்பத்தைக் கட்டி மேய்த்தவர் உக்ரைன்காரரான யூரி வெர்னிடுப்.

ஆட்டம் தொடங்கியது. ரியால் வழக்கம்போல் பந்தைத் தன் சொத்தாக நினைத்து வைத்துக்கொண்டது. ஷெரீஃப்பும் ஆட்சேபிக்கவில்லை. 25-வது நிமிடத்தில் இடது ஓரத்தில் பந்து கிடைத்ததும் கிறிஸ்டியானோ ஓர் அருமையான கிராஸ் கொடுத்தார். பெர்னபேயூவில் கிறிஸ்டியானோ என்ற பெயர் ஒலித்துச் சில வருடம் ஆகியிருந்தது. ஆனால் இவர் வேறு கிறிஸ்டியானோ. பிரேசில்காரரான இடது பின்காவலர். சிலை வைக்கும் அளவுக்கு இன்னும் யாரும் யோசித்திருக்கவில்லை. பந்து வந்து இறங்கிய இடத்தில் உஸ்பெக் வீரர் ஜசுர்பெக் யாக்‌ஷிபோயெவ் தனியாக நின்றார். அவரைக் கவனித்துக்கொள்ள வேண்டிய ரியால் தடுப்பாளர்கள், அந்தப் பெயரை எப்படி உச்சரிப்பது என்று யோசித்துக்கொண்டிருந்திருக்க வேண்டும். தலையால் ஒரு தட்டு. 1-0.

அரங்கம் சிரித்தது. இது மாதிரி நடக்கும், பாவம், ஒரு கோல் போட்டுவிட்டுப் போகட்டும், பேரப்பிள்ளைகளிடம் சொல்லிக்கொள்வார்கள். பிறகு ரியால் சுடத் தொடங்கியது. அன்றைக்கு மொத்தத்தில் முப்பது தடவை சுட்டிருப்பார்கள். இடமிருந்து சுட்டார்கள், வலமிருந்து சுட்டார்கள், தூரத்திலிருந்து சுட்டார்கள். எல்லாப் பாதையும் யோர்கோஸ் அத்தனாசியாடிஸ் என்ற கிரேக்க கோல்கீப்பரின் கையிலோ காலிலோ போய் முடிந்தது. அவரைத் தாண்டிப் போன பந்துக்குப் பெருவின் துலாந்தோ குறுக்கே படுத்தார். ஷெரீஃப் எத்தனை தடவை சுட்டது என்பதை ஒரு கை விரலிலேயே எண்ணிவிடலாம். கட்டைவிரல் மிச்சம் ஆனாலும் ஆகும்.

65-வது நிமிடத்தில் ரியாலுக்குப் பெனால்டி. பென்ஸிமா வந்தார், அடித்தார், 1-1. பெர்னபேயூ நிம்மதியாக மூச்சு விட்டது. நாடகத்தின் முதல் அங்கம் முடிந்தது, இனிமேல் நாம் நாலு போடுவோம். ஆஞ்சலோட்டி அலமாரியைத் திறந்து மோட்ரிச்சையும் குரூஸையும் எடுத்து உள்ளே விட்டார். அவர்கள் இரண்டு பேரும் வீட்டில் வைத்திருக்கும் பதக்கங்களின் எடை, எதிரணியின் மொத்தச் சாமான் மூட்டையைவிட அதிகம். நடுவில் ஷெரீஃப்பின் புருனோ பந்தை வலைக்குள் போட்டார். ஆஃப்சைட் என்று கொடி தூக்கிவிட்டார்கள். அத்தோடு அவர்கள் கோட்டா முடிந்தது என்று எல்லோரும் எடுத்துக்கொண்டார்கள்.

செபாஸ்டியன் தில் மட்டும் எடுத்துக்கொள்ளவில்லை.

தில் லக்ஸம்பர்க்காரர். அங்கே நீடர்கார்ன் என்ற சிற்றூரின் ப்ரோக்ரெஸ் கிளப்பிலிருந்து ஷெரீஃபுக்கு இரவலாக வந்தவர். பெரிய வீட்டில் கல் எறிவது அவருக்கு முதல் தடவை அல்ல. 2017-ல் அந்தக் குட்டி ப்ரோக்ரெஸ், ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ ரேஞ்சர்ஸை 2-0 என்று வென்று ஐரோப்பாவை விட்டே விரட்டியபோது ஒரு கோல் தில்லுடையது. அன்று இரவு ரேஞ்சர்ஸ் மேனேஜர் ஒரு புதருக்குள் நின்றபடி சொந்த ரசிகர்களோடு வாதாடிய புகைப்படம் இன்றும் கால்பந்து உலகின் பொதுச்சொத்து. தில்லின் காலில் ஒரு பச்சை உண்டு: ஒரு கால்பந்து வீரன் சாம்பியன்ஸ் லீக் கோப்பையைக் கனவு காண்கிறான். லக்ஸம்பர்க்கில் பிறந்தவர் அப்படிப் பச்சை குத்திக்கொண்டால், சுற்றியிருப்பவர்கள் கேலி செய்ய மாட்டார்களா?

89-வது நிமிடம். ரியால் எல்லையின் பக்கவாட்டில் ஷெரீஃபுக்கு ஒரு த்ரோ. பந்து உள்ளே போய்த் தடுமாறி, பெனால்டி கட்டத்துக்கு வெளியே தில்லை நோக்கித் துள்ளி வந்தது. இந்த இடத்தில் அனுபவசாலி என்ன செய்வார்? பந்தைக் காலடியில் வைத்து நேரத்தைக் கடத்தி, மாட்ரிடில் ஒரு டிரா என்று சந்தோஷமாக விமானம் ஏறுவார். தில் இடது காலை வீசினார். துள்ளிய பந்து மேல் மூலைக்குப் பறந்தது. கூர்த்துவாவின் இரண்டு மீட்டரும் போதவில்லை. 2-1.

ஆட்ட நேரத்தைக் குறைக்கலாம் என்று பெரெஸ் சொன்னபோது ஒருவரும் காது கொடுக்கவில்லை. 85 நிமிடத்தோடு நிறுத்தியிருந்தால் மானம் தப்பியிருக்கும்.

விசில் ஊதியதும் வந்த பட்டியல் இப்படி இருந்தது: இரண்டு ஆட்டம், ஆறு புள்ளி, குரூப்பில் முதலிடம், ஷெரீஃப் திராஸ்போல். அதற்குக் கீழே ரியால் மாட்ரிட். உலகம் மறுநாள் காலையில் டிரான்ஸ்னிஸ்ட்ரியாவைத் தேடியது. முப்பது வருடமாக ஜனாதிபதி, ராணுவம், தபால்தலை எல்லாம் வைத்துக்கொண்டு கேட்டும் கிடைக்காத கவனத்தை லக்ஸம்பர்க்காரர் ஒருவரின் இடது கால் வாங்கிக் கொடுத்துவிட்டது.

பிறகு வாழ்க்கை தன் பாட்டுக்குத் திரும்பியது. இன்டர் மிலான் போகும்போது ஒரு 3-1, வரும்போது ஒரு 3-1 கொடுத்தது. மிலானிலும் ஷெரீஃபின் ஒற்றை கோல் தில்லுடையதுதான். நவம்பரில் ரியால் திராஸ்போலுக்கே வந்து 3-0 என்று வட்டியோடு வசூலித்தது. ஏழு புள்ளியுடன் மூன்றாம் இடம். ஆறுதலாக யூரோப்பா லீக். அங்கே போர்ச்சுகலின் பிராகாவோடு இரண்டாவது ஆட்டம் 2022 பிப்ரவரி 24 அன்று. அன்று விடிகாலைதான் ரஷ்யா உக்ரைனுக்குள் படையை அனுப்பியது. ஷெரீஃப் பெனால்டியில் தோற்றது. 56 வயது வெர்னிடுப் நாடு திரும்பி ராணுவத்தில் சேர்ந்தார். அவர் பயிற்சி கொடுத்த ஊரில் ரஷ்ய வீரர்கள் இருந்தார்கள். இப்போது அவர் துப்பாக்கி தூக்கியதும் ரஷ்யப் படைக்கு எதிராகத்தான். இந்தக் கதையில் சிரிக்க ஒன்றும் கிடைக்காத ஒரே பத்தி இது.

அந்த சீசனின் சாம்பியன்ஸ் லீக்கை யார் வென்றார்கள் என்று கேட்கிறீர்களா? ரியால் மாட்ரிட்தான். மே 28 அன்று பாரிஸில் லிவர்பூலை 1-0 என்று வென்று 14-வது கோப்பையைத் தூக்கினார்கள். பெரெஸ் ஒழித்துக்கட்ட நினைத்த அதே போட்டி, அவருக்கே மாலை போட்டது.

அந்தக் கோப்பைக்கான வழியில் ரியால் நான்கே ஆட்டங்களில் தோற்றிருந்தது. ஒன்று பாரிஸ் செயின்ட் ஜெர்மெய்னிடம். பின்னால் இருப்பது கத்தார் அரசின் பணம். ஒன்று மான்செஸ்டர் சிட்டியிடம். அபுதாபி அரச குடும்பத்தின் பணம். ஒன்று செல்சியிடம், அதை வளர்த்தெடுத்தது ரஷ்யக் கோடீஸ்வரர் அப்ரமோவிச்சின் பணம். நான்காவது ஷெரீஃப். இந்த வரிசையில் அதை வைத்துப் பார்த்தால் பொடியனாகவே தெரியவில்லை, சொந்தக்காரர்கள் கூட்டத்தில் ஏழைச் சித்தப்பாதான். ஒரு வித்தியாசம் உண்டு. மற்ற மூன்று இடத்திலும் வெளியூர்ப் பணம் வந்து கிளப்பை வாங்கியது. திராஸ்போலில்தான் கம்பெனி முதலில் நாட்டை வாங்கிப் போட்டுவிட்டு, மிச்சச் சில்லறையில் ஒரு கிளப்பை ஆரம்பித்தது.